குப்பு அக்காவின் சுவரும் கொடத்து இன்ஜினியரும்

திருவண்ணாமலையில் மலையைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்த மனிதர் என்று ஒரே ஒருவரைத்தான் சொல்ல முடியும். மலையை விட்டுவைத்தது பக்தியினால் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு முழங்கால் வலி. குடத்தோடு மேலே ஏற முடியவில்லை, அவ்வளவுதான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மாதாமாதம் நானே அதை டைப் அடித்திருக்கிறேன். ஆனால் செங்கம் ரோட்டில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவரும் வழி சொல்ல மாட்டார்கள். "கொடத்து இன்ஜினியர்" என்று சொல்லிப் பாருங்கள், ஆட்டோக்காரர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டு, "உஷாருங்க, மேல ஊத்திடப் போறாரு" என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போவார்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். ஆசிரமத்தைத் தாண்டி ஒரு வாடகை வீட்டில் எங்கள் கட்டட ஆராய்ச்சி மையம் இருந்தது. ஆராய்ச்சி மையம் என்றதும் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவை என்று எதையும் கற்பனை செய்ய வேண்டாம். இரண்டு அறை, ஒரு டைப்ரைட்டர், அதற்குப் பின்னால் நான். கொல்லையில் மலை மாதிரி மண், அதை அமுக்கிக் கல்லாக்கும் ஒரு கை மிஷின். மண்ணைச் சலித்து, கொஞ்சமாகச் சிமென்ட் கலந்து, பெட்டியில் போட்டு மூடி, நீளக் கைப்பிடியைப் பிடித்து இரண்டு பேர் தொங்கினால் கல் ஒன்று வெளியே வரும். அதைச் சூளையில் வைத்துச் சுட வேண்டாம். விறகுக்கு ஒரு மரத்தையும் வெட்ட வேண்டாம். ஈரக் கோணியைப் போர்த்தி நிழலில் வைத்திருந்தால் தானாகவே இறுகிக்கொள்ளும். அந்தந்த ஊர் மண்ணில் அந்தந்த ஊர் ஏழைக்கு ஒரு வீடு. இதுதான் எங்கள் ஆராய்ச்சி.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள், தூக்கிப் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள். கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "எல்லாம் சரிங்க, மழை வந்தா?"

அதற்குப் பதில் சொல்லத்தான் இன்ஜினியர் முதன்முதலில் குடத்தைத் தூக்கினார். தூக்கியவர் அப்புறம் கீழே வைக்கவே இல்லை. பச்சை பிளாஸ்டிக் குடம். சைக்கிள் கேரியரில் பழைய டியூபால் கட்டியிருப்பார். மண் சுவரோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. எந்தச் சுவரைப் பார்த்தாலும் மனுஷனுக்குக் கை பரபரக்கும்.

டவுனில் புதிதாக ஒரு லாட்ஜ் திறந்தார்கள். வாழை மரம், நாதஸ்வரம், ரோஸ் கலரில் பளபளவென்று சுவர். மாலையும் கழுத்துமாக முதலாளி வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். எங்கள் ஆள் நேராகப் பக்கவாட்டுச் சந்துக்குப் போனார். சளேர் என்று ஒரு சத்தம் கேட்டது. முதலாளி ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரிலிருந்து ரோஸ் கலர் ஒழுகிக் கீழே குளமாகிக்கொண்டிருக்கிறது.

"யோவ், இன்னாய்யா பண்ணிட்ட!"

"உங்க செவுரு தண்ணி குடிக்குதுங்க. ரொம்ப ஜாஸ்தியா குடிக்குது. கட்டினவரு யாருங்க?"

கட்டினவர் அங்கேதான், முதலாளிக்குப் பின்னால், பட்டு வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் நடந்ததை விடுங்கள். காலி குடம் மறுநாள் ஒரு ஆட்டோவில் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. இன்ஜினியர் அதற்கும் மறுநாள் வந்தார்.

குடம் இல்லாத நேரத்தில் ஆள் சாது என்று சொல்ல முடியாது. மண்ணில் ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. மண்ணை உருண்டை பிடித்து, மார்பு உயரத்திலிருந்து கீழே விட வேண்டும். தூளாகிவிட்டால் ஈரம் கம்மி. சப்பென்று ஒட்டிக்கொண்டால் ஈரம் ஜாஸ்தி. நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. கல் அறுக்கும் இடத்தில் இதைச் செய்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? என் தங்கையின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஆசையாகக் கொண்டுவந்த லட்டை, மாப்பிள்ளையின் அப்பா கண் முன்னால், மார்பு உயரத்திலிருந்து கீழே விட்டார் இவர். அது தூள் தூளாகச் சிதறியது. குனிந்து பார்த்துவிட்டு, "பாகு கம்மி" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். அந்தக் கல்யாணம் நடந்ததே பெரிய விஷயம்.

எங்கள் மையத்துக்கு ஒரு டைரக்டர் இருந்தார். சென்னையில் இருப்பார், மாதம் ஒருமுறை காரில் வருவார். பாலிஷ் போட்ட ஷூ, மடிப்புக் கலையாத சட்டை. அவருக்குப் பிடித்த ஒரே வார்த்தை புரொடக்டிவிட்டி. காரை விட்டு இறங்கும்போதே அதைச் சொல்லிக்கொண்டுதான் இறங்குவார். ஆளுக்கு எத்தனை கல், வாரத்துக்கு எத்தனை சுவர், வருஷத்துக்கு எத்தனை வீடு என்று சுவரில் கட்டம் போட்ட தாள் ஒட்டச் சொல்லியிருந்தார். அதில் மேலே ஏறுகிற கோட்டை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"எத்தனை வீடுய்யா முடிஞ்சுது?"

"பாதி வீடு சார்."

"போன தடவையும் பாதின்னுதானே சொன்னீங்க?"

"அது வேற பாதி சார். அதை இடிச்சிட்டோம். இது அதைவிட நல்ல பாதி."

பொய் இல்லை. சுவர் எழும்பும்போதே அவருக்கு மூலையில் கல் கோர்க்கப் புதிதாக ஒரு வழி தோன்றிவிடும். தோன்றினால் போச்சு. "பிரிங்கப்பா" என்பார். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு பிரிப்பார். புரொடக்டிவிட்டிக்கென்று தனியாக ஒரு கண்டுபிடிப்பும் செய்தார். கைப்பிடியில் ஆள் தொங்க வேண்டாம், சைக்கிள் மிதித்தாலே மிஷின் கல்லை அமுக்கும். மிதித்த ஆளுக்கு ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு டீ தேவைப்பட்டது. டைரக்டர் ஆசையாக ஏறி மிதித்தார். செயின் அறுந்து, புது பேண்ட்டைக் கவ்விக்கொண்டது. அதற்கப்புறம் அந்தச் சைக்கிளைப் பற்றி இருவருமே பேசிக்கொள்வதில்லை.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, குப்பு அக்கா வரும் வரைக்கும்.

குப்பு அக்கா அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை வைத்திருந்தார். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரே மகன் பெங்களூரில் யார் யாருக்கோ மாடி மாடியாக எழும்புகிற கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை செய்துகொண்டிருந்தான். கடைக்குப் பின்னால் அவருடைய கூரை வீடு. அதைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் எங்கள் கல்லால் மாதிரி வீடு ஒன்று கட்டித் தருகிறோம் என்றோம். காசு ஒன்றும் வேண்டாம், பார்க்க வருகிறவர்களுக்குச் சிரித்த முகமாகக் காட்டினால் போதும். அக்கா சரி என்று கூரையைப் பிரித்துக்கொடுத்துவிட்டு, டீக்கடையின் பின்பக்கம் நாலு கீற்றைச் சாய்த்து அதற்குள் புகுந்துகொண்டார்.

சுவர் நாலு பக்கமும் எழும்பியது. அழகான சுவர், பூச்சு இல்லாமலே செம்மண் நிறத்தில் கண்ணைப் பறிக்கும். அதோடு வேலை நின்றது. டெஸ்ட் முடியாமல் மேலே தளம் போடக்கூடாது என்று இன்ஜினியர் ஒற்றைக் காலில் நின்றார்.

"இன்னா சார் நீ? செவுரு எழும்பி எத்தினி மாசம் ஆவுது? மேல மூடுவியா, மாட்டியா?" என்று குப்பு அக்கா கேட்டார்.

"டெஸ்ட் முடியட்டும் குப்பம்மா. ஒரு முழு மழைக்காலத்தைச் செவுரு தாங்கணும்."

"மழையே காணமே!"

"அதுக்குத்தான் நான் ஊத்துறேன்."

"நீ ஊத்திக்கினே இரு. நெஜ மழை வந்தா நான் எங்க போவேன்? போன அடமழையில கூரை ஒழுவி, சட்டி பானைய மாத்தி மாத்தி வச்சிக்கினு ராவெல்லாம் குந்தினே இருந்தேன். ஒரு பொட்டு தூக்கம் கெடையாது. அப்பவாவது கூரைன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப அதயும் பிரிச்சி உன் கையில குடுத்துட்டேனே சார்."

அந்த வருஷம் ஐப்பசி வெயிலாகவே போய்க்கொண்டிருந்தது. ஆனால் மழை எத்தனை நாளைக்கு வராமல் இருக்கும்? அந்த மாதம் வந்த டைரக்டரும் தன் பங்குக்குக் குண்டு போட்டார். கார்த்திகை தீபத்துக்குள் அந்த வீட்டில் ஆள் குடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபீசை மூடிச் சாமான்களை லாரியில் ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். குப்பு அக்காவுக்குத் தலைக்கு மேல் கூரை யார் போடுவார்கள்?

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய், "ஏன் சார், உங்களுக்கே நல்லா இருக்கா? தளத்தைப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கழுவுவதை நிறுத்தாமல் சொன்னார். "நான் கட்டின மொத மண் செவுரு மழையில சரிஞ்சிடுச்சும்மா. நல்ல வேளை, யாருக்கும் அடி இல்ல. ஆனா அந்த வீட்டுக்காரரு என்னை ஒரு வார்த்தை திட்டலை. 'போவட்டும் சார், உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே'ன்னு கேட்டாரு. திட்டியிருந்தார்னா மறந்துட்டிருப்பேன்."

நான் திரும்பி வந்து டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. ஊரே கிரிவலம் போகிற நாள், இன்றைக்காவது சும்மா இருங்கள் என்று எல்லோரும் சொன்னோம். மழை பௌர்ணமி பார்த்தா பெய்கிறது என்று கேட்டுவிட்டுக் குடத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நேரம் பார்க்க நானும் கூடப் போக வேண்டியதாயிற்று. வெயில் தாழ்ந்த நேரம். சுவருக்கு எதிரே ஒரு ஸ்டூலில் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நான். சுவரோரம் அவர்.

அவர் கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நனைந்துவிடும் என்று சட்டையைக் கழற்றியிருந்தார். இடுப்பில் துண்டு. காலையில் சுண்ணாம்பு சலித்ததில் நெற்றி, மார்பு, கை எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. டெஸ்ட் மும்முரத்தில் பல நாளாகச் சவரம் செய்யாத தாடி வேறு. ஒவ்வொரு குடமாகச் சுவரின் தலையில் நிதானமாக ஊற்றி, எத்தனையாவது குடம் என்று உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

பாதையில் கூட்டம் மெல்லச் சேர ஆரம்பித்திருந்தது. நடந்து போன ஒரு அம்மாள் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்தாள்.

"சாமி, இது இன்னா சாமி?"

"மண்ணு" என்றார் இன்ஜினியர், எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில்.

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னால் வந்தவர்களிடம், "கேட்டியா, எல்லாமே மண்ணுதான்னு சொல்லிட்டாரு" என்றாள்.

அவ்வளவுதான். மடமடவென்று செருப்புகள் கழன்றன. ஒருவர் குங்குமம் வைத்தார். ஒருவர் மாலை போட்டார். எங்கிருந்து வந்ததோ, ஒரு தூக்கு நிறையப் பால் வந்து சுவரின் தலையில் இறங்கியது. அதன் பின்னாலேயே மஞ்சள் தண்ணீர், பன்னீர், இளநீர்.

"ஐயோ, பால் ஊத்தாதீங்க! பாலுக்கு டெஸ்ட் கிடையாது!" என்று இன்ஜினியர் அலறினார். "யோவ், அந்த மஞ்சத் தண்ணிய அப்பால எடுத்துட்டுப் போய்யா! கணக்கே கெட்டுப்போச்சே!"

இங்கேதான் அவர் ஊரைப் புரிந்துகொள்ளாமல் போனார். எங்கள் ஊரில் சாமியார் என்று ஒருவர் சிரித்துச் சிரித்துப் பேசினால் சந்தேகப்படுவார்கள். திட்டினால் தேடிப் போய்க் கும்பிடுவார்கள். கல்லெடுத்து அடித்தால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்படுவார்கள். இவர் கத்தக் கத்த வரிசை நீண்டது. பொறுக்க முடியாமல் குடத்துத் தண்ணீரை ஒரு மளிகைக் கடைக்காரர் முகத்தில் விசிறி அடித்தார். அவர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "இனிமே எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்று கண் கலங்கினார். அடுத்து நின்றவர், "சாமி, எனக்கும் கொஞ்சம்" என்று முகத்தை நீட்டினார்.

ஸ்டூலில் வாட்ச்சோடு உட்கார்ந்திருந்த என்னைத் தலைமைச் சிஷ்யை என்று முடிவு கட்டி, மூன்று பேர் என் காலில் விழுந்தார்கள். என்னைவிட மூத்தவர்கள்! நான் வாட்ச்சை இடுப்பில் செருகிக்கொண்டு டீக்கடைக்குள் போய் ஒளிந்தேன். குப்பு அக்கா அங்கே டீ ஆற்றி ஆற்றி மாளாமல், "இன்னிக்கி நல்ல யாவாரம்டி பாப்பா" என்று சிரித்தார். பாவம், மறுநாள் என்ன வரப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். சுவர் மஞ்சளும் சந்தனமுமாக மணத்தது. கற்பூரப் புகை படிந்து ஒரு பக்கம் கறுத்திருந்தது. பிரசாதம் என்று மண்ணைச் சுரண்டிச் சுரண்டி ஒரு மூலை தேய்ந்தே போயிருந்தது. இன்ஜினியர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன்.

"பால் ஊத்துன பக்கம் கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கு, கவனிச்சியாம்மா?" என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அன்றைக்கே ஒரு ஆள் தகர உண்டியலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கூடவே ஊர்க்காரர்கள் சிலரும் வந்தார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆளுக்கு ஆள் பக்திதான். ரெண்டு தூண் நட்டு, முன்னால் ஒரு பந்தல் போட்டு, உண்டியலை வைத்துவிட்டால் கோயில் தானாக எழும்பிவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

"குடுத்து வச்சவ குப்பு நீ. உன் எடத்துலயே சாமி வந்துருக்குது" என்றார் உண்டியல்காரர்.

"அப்ப என் வூடு?"

"சாமி செவுத்துக்குப் பின்னாடி எப்பிடி நீ துணி தொவைச்சி, பாத்திரம் கழுவி குடும்பம் பண்ணுவ? ஒனக்கு எங்கனா ஒரு எடம் கெடைக்காதா?"

குப்பு அக்கா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்தார். அதுவரை அந்த அம்மாள் அழுது நான் பார்த்ததில்லை.

"கவர்மெண்டு எடத்தைக் கேட்டா மனு குடுப்பேன். பங்காளி கேட்டா சண்டை போடுவேன். சாமியே வந்து கேட்டா நான் யாராண்ட சார் போவேன்?"

இன்ஜினியர் ஆடிப்போய்விட்டார். ஒரு பலகையில் 'இது வீடு. வணங்க வேண்டாம்' என்று பெரிதாக எழுதிக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டினார். சாயங்காலத்துக்குள் பலகைக்குச் சந்தனம் வைத்து ஒரு மாலையும் போட்டுவிட்டார்கள்.

சரி, வீட்டுச் சுவர் என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும் என்று குப்பு அக்கா சுவர் முழுக்க வரட்டி தட்டி வைத்தார். சாணிக் கையோடு அக்கா தட்டுவதைப் பார்த்து இன்ஜினியர் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் காய்ந்தவுடன் வரட்டி ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. இந்தச் சுவரில் காய்ந்த வரட்டியைச் சுட்டுத் திருநீறு செய்தால் விசேஷமாம்.

குப்பு அக்காவுக்கு வந்ததே கோபம்! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைக்குள் போனார். அடுப்பையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு காகிதப் பொட்டலம்.

"இன்னா குப்பம்மா அது?"

"நெத்திலிக் கருவாடு. உள்ள அடுப்பு மூட்டப் போறேன். எந்தச் சாமி என் வூட்ல குந்துதுன்னு பாத்துடறேன்."

"உள்பக்கம் இன்னும் டெஸ்ட் பண்ணலையே. புகை ஏறிடுச்சின்னா எல்லாம் போச்சு, மறுபடி மொதல்லேர்ந்து" என்றார் இன்ஜினியர், குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு.

"சார், நான் இங்க பொழைக்கணும்" என்றார் குப்பு அக்கா. அவ்வளவுதான் சொன்னார்.

இன்ஜினியர் சுவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் குடத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"மூட்டு குப்பம்மா" என்றார்.

கூரையில்லாத நாலு சுவருக்குள் கருவாடு வறுபட்டது. அடேயப்பா! அந்த வாசனை பாதையைத் தாண்டி, எதிர்த் தோப்பைத் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் போயிருக்கும். தட்டும் கற்பூரமுமாக வந்த ஒரு கூட்டம் தூரத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. உண்டியல்காரர் மட்டும் கிட்டே வந்தார்.

"அடிப்பாவி, சாமி எடத்துல இன்னா இது?"

"சாமிக்கு மலையே இருக்குது. எனக்கு இதான்யா இருக்குது. கொழம்பு ஆயிடுச்சி, ஒரு வாய் துன்னுட்டுப் போறியா?"

உண்டியல்காரர் இன்ஜினியரைத் திரும்பிப் பார்த்தார். "சாமி, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான் சாமி இல்லீங்க. கட்டடம் கட்டுறவன்" என்றார் இன்ஜினியர். "இது அவங்க வீடு. நாளைக்குத் தளம் போடுறோம்."

நான் என் காதையே நம்பவில்லை. அந்த மனுஷன் வாயிலிருந்து 'முடிக்கிறோம்' என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது. உண்டியல்காரர் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு உண்டியலைத் தூக்கிக்கொண்டு போனார். ஊரில் சுவருக்கா பஞ்சம்?

அன்று மதியம் குப்பு அக்கா எங்கள் இருவருக்கும் சோறு போட்டார். இன்ஜினியர் சாதத்தைப் பிசைந்து உருண்டை பிடித்துக் கையைத் தூக்கினார். அக்காவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நல்ல வேளையாக வாயில் போட்டுக்கொண்டார்.

தளம் போட்டோம். கான்கிரீட் கம்மியாகச் செலவாகட்டும் என்று நடுநடுவே ஓடுகளை வைத்துப் போடுகிற தளம். புதுத் தளம் காயாமல் தினமும் நனைக்க வேண்டும் அல்லவா? இன்ஜினியர் குடத்தோடு ஏணியில் ஏறி, முழங்கால் வலிக்க வலிக்க ஊற்றினார். "இப்பத்தான் சார் உன் கொடத்துக்கு உருப்படியா ஒரு வேலை" என்று கீழேயிருந்து குப்பு அக்கா குரல் கொடுப்பார். தீபத்துக்கு முன்னால் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிக் குடிபோனார். கறுத்த சுவரும் தேய்ந்த மூலையும் அப்படியே இருந்தன. இடித்துவிட்டு மறுபடி கட்டலாமா என்று இன்ஜினியர் ஒரு வார்த்தை ஆரம்பித்தார். அக்கா கையிலிருந்த கரண்டியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தீபத்துக்கு நாலு நாள் முன்னால் பிடித்தது மழை. வங்கக் கடலில் புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள். சாயங்காலம் தொடங்கியது விடிய விடிய விடவில்லை. ஓட்டு வீட்டுக்குள் படுத்திருந்த எனக்கே தூக்கம் வரவில்லை. குப்பு அக்கா என்ன ஆனாரோ, அந்தத் தேய்ந்த மூலை என்ன ஆயிற்றோ என்று புரண்டுகொண்டே இருந்தேன்.

காலையில், வைத்த கெடு என்ன ஆயிற்று என்று பார்க்க டைரக்டர் வந்துவிட்டார். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார். பாதையில் கணுக்கால் அளவுக்குச் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடை திறக்கவில்லை. காருக்குள்ளிருந்தே கடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

வீடு நின்றுகொண்டிருந்தது. வெளியே, தேய்ந்த மூலையோரம், சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்ஜினியர் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. தலையிலிருந்து கால் வரை தெப்பலாக நனைந்து, குளிரில் தாடை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. குடத்தைக் காணோம்.

டைரக்டர் கார் கண்ணாடியை இறக்கி, "என்னய்யா, செவுரு தாங்குச்சா? ரிசல்ட் என்ன?" என்று சத்தமாகக் கேட்டார்.

இன்ஜினியர் உதட்டில் விரலை வைத்தார். "மெல்லப் பேசுங்க சார். தூங்குறாங்க."

கதவு ஒருக்களித்திருந்தது. டைரக்டர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார், நானும் பார்த்தேன். உலர்ந்த தரையில் பாயை விரித்து, இரண்டு கையையும் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு குப்பு அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது, பத்து மணி ஆகிவிட்டது, கடையைத் திறக்கவில்லை, ஒன்றும் தெரியாமல் அடித்துப்போட்ட மாதிரி ஒரு தூக்கம். அடுப்பின் மேல் சட்டி பானையெல்லாம் கவிழ்த்து வைத்தபடி இருந்தது.

டைரக்டர் வாயிலிருந்து புரொடக்டிவிட்டி என்று ஒரு வார்த்தை வரவில்லை. "சரி சரி, எழுப்ப வேணாம். சாயங்காலமா வரேன்" என்று காதோடு சொல்லிவிட்டு, பாலிஷ் போட்ட ஷூவோடு சேற்றில் பூனை மாதிரி அடிவைத்துக் காருக்குத் திரும்பினார். ஆபீசை மூடுகிற பேச்சை அதற்கப்புறம் நாங்கள் கேட்கவில்லை.

நான் காரில் ஏறவில்லை. "நீங்க ஏன் சார் வெளியிலயே நிக்கறீங்க? உள்ள போய் நில்லுங்களேன்" என்றேன்.

"உள்ள போனா முழிச்சுக்குவாங்கம்மா. பாவம், தூங்கட்டும்."

அப்படி ஒரு மனுஷன் மேல் பிரியம் வராமல் எப்படி இருக்கும்? குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, குப்பு அக்கா எழுந்திருக்கும் வரைக்கும் நானும் அங்கேயே நின்றேன்.